காத்தாடி விட்ட கைக்குக் கைட் சர்ஃபிங் வருமா? வாடைக்காற்றுக் கேள்விகள் சில

வேலூரில் உட்கார்ந்துகொண்டு கைட் சர்ஃபிங்குக்கு (பெரிய காத்தாடி இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) பதில் எழுதுகிறேன் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கடல் இல்லாத நம்ம பக்கத்திலிருந்துதான் எனக்குக் கேள்வி அதிகம் வருகிறது, அதிலும் பொங்கல் லீவு நெருங்கும்போது.

சின்ன வயதிலிருந்து மொட்டைமாடியில் காத்தாடி விட்டவன் நான். எனக்கு இது சீக்கிரம் வந்துவிடும்தானே? (குடியாத்தம்)

காற்றைப் படிக்க அந்தப் பழக்கம் உதவும். ஆனால் கைப்பழக்கம்தான் முதல் எதிரி. காத்தாடி தடுமாறினால் நாம் என்ன செய்வோம், நூலை வெடுக்கென்று சுண்டி இழுப்போம், அது நிமிர்ந்துகொள்ளும். இங்கே தலைகீழ். கையில் பிடிக்கும் குச்சியான பாரை மார்புப் பக்கம் இழுத்தால், கைட்டின் பின் விளிம்பில் கட்டிய நூல்களான பின் லைன்கள் இறுகி, கைட் காற்றை அகலமாக வாங்கிக்கொண்டு இன்னும் பலமாக இழுக்கும். பாரைத் தள்ளிவிட்டால் விளிம்பைக் காட்டிக் காற்றை வழுக்கவிடும். காற்றில் முறத்தைப் பிடித்துப் பாருங்கள், படுக்கவைத்தால் சும்மா இருக்கும், நிமிர்த்தினால் கையைப் பிடுங்கும், அதே கதைதான்.

ராமேஸ்வரத்தில் என் இரண்டாம் நாள். 9 சதுர மீட்டர் கைட் தலைக்கு மேலே, நான் தண்ணீரில் இறங்காமல் மணலிலேயே நின்று பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தேன் (இதுவே முதல் தப்பு), ஒரு வீச்சுக் காற்று வந்தது, என் கை என்னைக் கேட்காமலே பாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. அடுத்த நொடி முகம் மணலில், அப்படியே பத்துப் பன்னிரண்டடி. கோச் கத்தியது ஒரே வார்த்தை: "விடு! விடு!" பல்லுக்கிடையில் நறநறத்த மணல் சாயந்திரம் வரை போகவில்லை.

ஆகவே முதல் பாடம், விடுவது. பாரை விடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் குயிக் ரிலீஸை (கைட்டின் இழுவையை ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டையிலிருந்து விடுவிக்கும் பிடி) தள்ளுங்கள், கைட் ஒரே லைனில் தொங்கிச் சக்தி இழந்துவிடும், அப்போதும் இழுத்தால் கடைசி இணைப்புக் கயிறான லீஷையும் கழற்றிவிடுங்கள், கைட் போனால் போகட்டும். கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை செய்து பழகுங்கள். அப்புறம், லைனை விரலில் சுற்றும் காத்தாடிப் பழக்கம் அறவே கூடாது.

மார்கழி, தையில் ராமேஸ்வரம் போகலாமா? எத்தனை நாட் (ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்று இருந்தால் நல்லது? (ஆற்காடு)

எல்லாரும் வேகத்தைத்தான் கேட்கிறீர்கள், திசையை ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. ஆடிக் காற்று தெற்கு, தென்மேற்கிலிருந்து வரும். குளிர்காலத்தில் அடிப்பது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, அந்த ஊர்க்காரர்கள் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வாடையில் வடகரையில் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளும், தென்கரையில் கடலுக்குத் தள்ளும். ஆனால் பார்வைக்கு எது அழகாக இருக்கும் தெரியுமா? தென்கரைதான். நிலம் மறைப்பதால் கரையோரத் தண்ணீர் தட்டையாக, கண்ணாடி மாதிரி கிடக்கும். புதிதாக வந்தவர் மயங்குவது அங்கேதான். கைட் விழுந்தால் திரும்பி வர வழியில்லை. மீட்புப் படகு இல்லாமல் அந்தப் பக்கம் இறங்காதீர்கள். காற்று கரைக்குச் சாய்வாக வரும் இடமும், இடுப்பளவுத் தண்ணீரும்தான் கற்பவருக்குத் தோது.

வேகம் என்றால் சீராக 12 முதல் 18 நாட் போதும். சீராக என்பதுதான் முக்கியம், ஏனென்றால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 12 நாட் அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று 22 ஆனால் இழுவை இரண்டு மடங்கு இல்லை, மூன்று மடங்குக்கும் மேல். அன்றைக்கு டீ குடித்துவிட்டு அறைக்குப் போய்விடுங்கள். மார்கழியில் வங்கக்கடலில் புயல் வருவது புதிதல்ல, தனுஷ்கோடி அழிந்ததே 1964 டிசம்பரில். மீன்வளத்துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை நிறுத்தியிருக்கிறதா, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மீனவரே போகாத நாளில் நமக்கு என்ன வேலை?

ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போவானேன், காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பித்தானே இருக்கிறது? (வாலாஜா)

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். தண்ணீருக்கடியில் வேலிக்காத்தான் முள், மீன் வலை, கரையில் கல், சுற்றிலும் கரண்ட் கம்பி. ஒரு மரமோ மேடோ அதன் உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு தூரம் வரையாவது காற்றைக் குலைக்கும், கைட் அதில் மாட்டினால் சொல்லாமல் கொள்ளாமல் விழும். வேண்டுமானால் 2 சதுர மீட்டர் பயிற்சிக் கைட்டை இளங்காற்றில், கம்பியில்லாத பாலாற்று மணலில் விட்டுப் பழகுங்கள். நாலு நாள் செய்தால் கடலில் ஒரு நாள் காசு மிச்சம்.

மகள் அயர்லாந்தில் நர்ஸ். ஜனவரியில் அங்கேயே கற்கப்போகிறாளாம். பயமாக இருக்கிறது. (வேலூர், சத்துவாச்சாரி)

உங்கள் பயம் நியாயம்தான் அம்மா, ஆனால் காற்றைவிடத் தண்ணீர்தான் அங்கே பிரச்சினை. குளிர்ந்த நீரில் விழுந்ததும் முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும், அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும். அடுத்துச் சுமார் பத்து நிமிஷம்தான் விரல்கள் சொன்னபடி கேட்கும். ஆளே மயங்க ஒரு மணி நேரம் ஆகலாம், ஆனால் கொக்கியைக் கழற்றும் விரல் அதற்கு வெகுமுன்பே மரத்துவிடும். அதனால் 5 மில்லிமீட்டர் அல்லது அதைவிடத் தடித்த வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), பூட், கிளவுஸ் எல்லாம் கட்டாயம். குயிக் ரிலீஸை அந்தக் கிளவுஸோடுதான் பழக வேண்டும், வெறுங்கையோடு பழகிப் பிரயோசனமில்லை. குளிர்காற்றுக்கு அடர்த்தி அதிகம், நம் வெயிலில் அடிக்கும் அதே 15 நாட் காற்றைவிட அங்கே இழுவை கொஞ்சம் கூடும். பொழுதும் சீக்கிரம் சாயும், மதியத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் மே மாதம் வரை பொறுக்கலாம். கேட்கமாட்டாள் என்று தெரியும்.

நீச்சல் தெரியாது, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே? (ராணிப்பேட்டை)

முதலில் நீச்சல். மற்றது அப்புறம்.

பழைய கைட் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா? (ஆம்பூர்)

கைட்டின் குழாய்களில் காற்றடித்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், காலையில் தொய்ந்திருந்தால் உள்குழாய் போச்சு. நாலு லைனையும் ஒரே ஆணியில் மாட்டி இழுத்து, நீளம் சரிதானா பாருங்கள். குயிக் ரிலீஸை ஹார்னஸில் மாட்டி, உடம்பெடையைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு தள்ளிப் பாருங்கள். உப்பும் மணலும் ஏறி இறுகியிருந்தால் பாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் சரி.