விமான ரிசீவருக்குப் புது மென்பொருள் போடலாமா? கேள்வி பதில்

திருகோணமலையில் வீட்டுக் கூரையில் அன்ரெனா வைத்து, 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் அனுப்பும் சிக்னலைப் பிடித்து அவற்றைப் பின்தொடர்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாரும் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியும் யூஎஸ்பி ரிசீவரும் வைத்திருப்பவர்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, என் ராஸ்ப்பெரி பை பெட்டியில் டெபியன் 11 இயங்குதளம் ஓடுது. அதிலேயே 12க்கு மாற்றலாமா?

வேண்டாம் தம்பி. பெரிய பதிப்பு மாறும்போது புது மெமரி காட்டில் புதிதாக எழுதுவதே நல்லது என்று ராஸ்ப்பெரி பை செய்கிறவர்களே சொல்கிறார்கள். பழைய காட்டை அழிக்காமல் பத்திரமாக வையுங்கள். புதியது சரிவராவிட்டால் பழையதைச் செருகினால் போதும், பெட்டி மறுபடி ஓடும். அதே பதிப்புக்குள் வரும் சின்ன அப்டேட்களைப் பயமில்லாமல் போடலாம்.

காட்டைக் கழற்றுமுன் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, விமானத் தகவலை ஃபிளைட்அவேர் தளத்துக்கு அனுப்பும் பைஅவேர் மென்பொருளின் ஃபீடர் ஐடி. நடுவில் சின்னக் கோடுகள் வரும் நீண்ட இலக்கம் அது, ஒரு எழுத்தும் தவறக்கூடாது. இரண்டாவது, ஃபிளைட்ராடார்24 தளத்துக்கும் அனுப்புகிறவராக இருந்தால் அதன் கீ. மூன்றாவது உங்கள் வீட்டின் அகலாங்கு, நெட்டாங்கு, அன்ரெனாவின் உயரம். இடம் பிழைத்தால் எம்லாட் கணக்கு வேலை செய்யாது. பல ரிசீவர்களுக்கு ஒரே சிக்னல் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் அது விமானத்தின் இடத்தைக் கண்டுபிடிக்கிறது.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: நான் எழுதி வைக்காமல் மாற்றிவிட்டேன். என் பழைய கணக்கெல்லாம் போச்சா?

போகவில்லை, கவலை வேண்டாம். ஃபிளைட்அவேரில் உங்கள் கணக்குக்குள் போனால் பழைய தளமும் அதன் ஐடியும் அப்படியே இருக்கும். அந்த ஐடியை பைஅவேர் கன்ஃபிக்கில் கொடுத்து, பைஅவேரை ஒருமுறை நிறுத்தித் தொடக்குங்கள்.

சீனன்குடாவிலிருந்து ஒரு ஐயா: புதுக் காட்டில் வைஃபை பிடிக்கவில்லை. முன்பு செய்த மாதிரியே வைஃபை விவரம் எழுதிய ஃபைலைக் காட்டில் வைத்தேன்.

ஐயா, டெபியன் 12இலிருந்து வைஃபையை நெட்வேர்க் மேனேஜர் என்ற மென்பொருள் பார்க்கிறது. காட்டில் வைக்கும் அந்தப் பழைய ஃபைலை அது கவனிக்காது. இமேஜர் மென்பொருளில் காட்டை எழுதும்போதே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுங்கள். பயனர் பெயரையும் அங்கேயே உருவாக்க வேண்டும், 'பை' என்ற பொதுப் பெயரை 2022இல் எடுத்துவிட்டார்கள். காட்டில் அப்படியே எழுதுவதற்கு ஃபிளைட்அவேர் தரும் ஆயத்த இமேஜ் என்றால் வழி வேறு. காட்டில் இருக்கும் பைஅவேர் கன்ஃபிக் ஃபைலில்தான் வைஃபை விவரத்தை எழுத வேண்டும்.

உட்துறைமுக வீதியிலிருந்து: மாற்றியபின் ஒரு விமானம்கூட வரவில்லை. கருவி 'பிஸி' என்று சொல்கிறது.

உங்கள் யூஎஸ்பி ரிசீவருக்குள் இருக்கும் சிப் முதலில் டிஜிட்டல் டிவிக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸ் அதைக் கண்டதும் டிவி டிரைவரை ஏற்றிக் கருவியைப் பிடித்துக்கொள்கிறது, நம்முடைய மென்பொருளுக்கு இடம் கிடைப்பதில்லை. பழைய காட்டில் அந்த டிரைவரைத் தடுக்கும் வரி இருந்திருக்கும். புதியதிலும் டிவிபி யூஎஸ்பி டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்து பெட்டியை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். இந்தக் குறைக்கு அனேகமாகக் காரணம் இதுதான். ரிசீவர் பழுது என்று நினைத்துப் புதியது வாங்கிவிடாதீர்கள்!

அப்டேட் நடக்கும்போது கரண்ட் போய்விட்டால்?

திரும்ப வந்ததும் 'சுடோ டிபிகேஜி', ஓர் இடைவெளி, இரண்டு கோடு சேர்த்து 'கன்ஃபிகர்', மறுபடி இடைவெளி, ஒரு கோடும் 'ஏ'யும் கொடுங்கள். பாதியில் நின்றதை முடித்துவிடும். பெட்டியே எழும்பவில்லை என்றால் காட்டைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

புது மென்பொருள் போட்டபின் தூரம் குறைந்துவிட்டது, ஏன்?

முதலில் கெயினை, அதாவது ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவை, பாருங்கள். நீங்கள் முன்பு கையால் வைத்த அளவு புதுக் காட்டில் இருக்காது. பக்கத்தில் போன் கோபுரம் இருந்தால் கெயின் கூடினாலும் கெடுதல்தான், மெதுவாகக் குறைத்துப் பாருங்கள். நமக்குக் கிழக்கே திறந்த கடல், மறைப்பு இல்லை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் 400 கிலோமீட்டர் அளவில்கூடத் தெரியலாம். அதில் பாதியும் வரவில்லை என்றால், அப்புறம் கூரைக்கு ஏறி கேபிள் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்திருந்தால், அந்த நுனியை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள்.