காட்டாமணக்குக் குத்தகை: காணியைக் கொடுக்க வேண்டாம்

சகோதரம், வாகரையில் உங்கள் 3 ஏக்கர் கச்சான் காணியை, பயோடீசலுக்கு (கொட்டை எண்ணெயில் செய்யும் டீசல்) காட்டாமணக்கு நட 20 வருடக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம்.

தண்ணீரே தேவையில்லாத செடி என்றுதான் சொல்வார்கள். வறண்ட மண்ணில் செத்துப்போகாது, உண்மைதான். ஆனால் எண்ணெய்க்குப் போதுமான கொட்டை வேண்டுமென்றால் நீரும் பசளையும் வேண்டும். அப்போ உங்கள் கிணறு யாருக்கு? இந்தியா 2009இல், 2017க்குள் பெற்றோலிலும் டீசலிலும் 20 சதவீதம் உயிர் எரிபொருள் (பயிர்களிலிருந்து எடுப்பது) கலப்பதாகக் கொள்கை வகுத்தது. காட்டாமணக்கையும் நம்பியிருந்தார்கள், நடக்கவில்லை.

நம் வேலியில் நிற்கும் காட்டாமணக்கைப் பாருங்கள், மாடு வாய் வைக்காது. கொட்டை நஞ்சு, பிண்ணாக்கையும் அப்படியே போட முடியாது. கச்சான் என்றால் பிடுங்கிய கொடியாவது மாட்டுக்கு ஆகும். பிள்ளைகள் விளையாடும் வளவென்றால் இன்னும் பயம்.

சரி, கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு வருட ஒப்பந்தம் மட்டும், அதுவும் சட்டத்தரணிக்குக் காட்டிய பிறகு.