முட்டி ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன் அவசியமா? கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி அணியில் கபடி ஆடுகிறேன். ரெய்டில் திரும்பியபோது முட்டியில் 'டப்' என்று சத்தம் கேட்டது, அன்றே வீங்கிவிட்டது. ஏ.சி.எல். ஜவ்வு (முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் நாண்) முழுவதும் கிழிந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. சொல்கிறது. இந்த வாரமே ஆபரேஷன் செய்துகொள்ளலாமா ஐயா?

பதில்: முட்டி நீட்ட வராமல் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் இந்த வாரம் வேண்டாம். வீக்கம் வற்றி, மற்றக் காலைப் போலவே முழுவதும் நீளும்வரை காத்திருங்கள். விறைத்த முட்டியில் கத்தி வைத்தால், அந்த விறைப்பு பிறகும் தங்கிவிடும் ஆபத்து அதிகம். குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி, தொடையின் முன்தசையை ஐந்து விநாடி இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இப்போதே தொடங்கலாம். சட்டென்று திரும்பும் கபடிக்கே மீண்டும் போவது உறுதி என்றால், உங்கள் வயதில் ஜவ்வைப் புதிதாகக் கட்டிக்கொள்வதே பெரும்பாலும் பொருத்தமான முடிவு.

கேள்வி: நான் 46 வயது ஆசிரியை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இதே ஜவ்வு கிழிந்தது. இப்போது வலியில்லை, மாடி ஏறுகிறேன். ஆபரேஷன் செய்யாவிட்டால் தேய்மானம் வரும் என்கிறார்களே?

பதில்: ஸ்வீடனில் 121 இளைஞர்களிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள், மற்றவர்களுக்குப் பயிற்சியைக் கொடுத்து, தேவைப்பட்டால் மட்டும் பிறகு செய்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் இரு பிரிவினரின் வலியிலும் இயக்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்தாம் ஆண்டிலும் இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆபரேஷன் இல்லாமலே இருந்தார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானமும் வேறுபடவில்லை. ஆகவே தேய்மான பயத்துக்காக மட்டும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: திரும்பும்போதோ பேருந்திலிருந்து இறங்கும்போதோ முட்டி நழுவுகிறதா? மூன்று மாதம் ஒழுங்காகத் தசைப் பயிற்சி செய்த பிறகும் நழுவினால், ஒவ்வொரு நழுவலும் உள்ளிருக்கும் மெனிஸ்கஸை (எலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பு) கிழிக்கக்கூடும் என்பதால், அப்போது அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்கு முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவே வரவில்லை.

பதில்: கிழிந்த மெனிஸ்கஸ் இடையில் சிக்கியிருக்கலாம். காத்திருக்காமல் உடனே எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. துளி வலியில்லை. அடுத்த மாதம் கால்பந்துப் போட்டியில் ஆடலாமா?

பதில்: தயவுசெய்து ஆடாதீர்கள். வேறிடத்திலிருந்து எடுத்து, கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பொருத்திய தசைநாண் எலும்போடு ஒட்டி, ரத்த ஓட்டம் பெற்று, ஜவ்வின் வேலைக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். வலியோ அதற்கு வெகு முன்பே நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் பலர் இரண்டாம் முறை காயப்படுகிறார்கள். ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு 2016இல் காட்டியது. ஒன்பது மாதம் கடந்தாலும் போதாது. தொடைத் தசையின் வலுவும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் மற்றக் காலின் அளவில் குறைந்தது 90 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும். அணியில் இடம் போய்விடும் என்று பயிற்சியாளர் அவசரப்படுத்தினால், இந்த அளவுகளைப் பிசியோவிடம் எழுத்தில் வாங்கி அவரிடம் காட்டுங்கள்.