இணையத்துப் போட்டோவைப் பார்த்து வரைந்த கடல்: விற்கலாமா?

கேள்வி: நான் வாட்டர்கலரில் கடல், ஆறு, குளம் வரைபவள். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையோடு சூரியோதயம் தெரியும் ஒரு போட்டோ இணையத்தில் கிடைத்தது. அதைப் பார்த்து வரைந்த படத்தை ஒரு ஹோட்டல் கேட்கிறது. “முப்பது சதவீதம் மாற்றிவிடுங்கள், கேஸ் வராது” என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு சதவீதக் கணக்கே கிடையாது. யாரோ கிளப்பிவிட்டதை ஏஜென்ட்கள் சட்டம் போலவே பேசுகிறார்கள்.

கடலும் சூரியனும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எங்கே நிற்பது, எந்த நொடியில் எடுப்பது, அலையை எந்த இடத்தில் வெட்டுவது என்று அந்தப் போட்டோக்காரர் தீர்மானித்திருக்கிறார் அல்லவா, அதற்குத்தான் பாதுகாப்பு. உங்கள் ஓவியத்தைப் பார்த்ததும் அந்தப் போட்டோதான் நினைவுக்கு வருகிறது என்றால், வானத்தின் நிறத்தை மாற்றியதோ ஒரு படகைச் சேர்த்ததோ உங்களைக் காப்பாற்றாது.

சிலை விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்த 133 அடிச் சிலை கணபதி ஸ்தபதியின் படைப்பு. சிற்பத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆனால் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தை வரையவும் போட்டோ எடுக்கவும் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே சிலையை வரைந்ததற்கு யாரிடமும் கேட்க வேண்டாம். அந்த விலக்கு சிலைக்குத்தான், சிலையை எடுத்த போட்டோவுக்கு அல்ல. கரையில் நின்று நீங்களே பார்த்து வரைந்தால் சிக்கல் இல்லை. அதே சிலையை இன்னொருவர் போட்டோவிலிருந்து வரைந்தால் சிற்பி பக்கம் தடையில்லை, போட்டோக்காரர் பக்கம் தடை அப்படியே இருக்கிறது.

அப்புறம், “ஓவியத்தைப் பதிவு செய்து தருகிறேன், சான்றிதழ் இருந்தால் யாரும் தொட முடியாது” என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்கள் வருவார்கள். ஓவியத்துக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பதிவு கட்டாயமும் இல்லை, வரைந்தாலே உரிமை வந்துவிடும். அடுத்தவர் போட்டோவை நகலெடுத்த ஓவியத்தை எந்தச் சான்றிதழும் சுத்தமாக்காது. இந்தச் சின்ன விஷயத்தை ஓவியர்களுக்குப் புரிகிற தமிழில் நாலு வரி சொல்ல இத்தனை வருடத்தில் யாரும் மெனக்கெடவில்லை. அந்த அலட்சியத்தில்தான் இந்தச் சான்றிதழ் ஆட்கள் பிழைக்கிறார்கள். “இலவசப் படம்” தளங்களிலும் கவனம் தேவை. படத்தை ஏற்றியவர்தான் எடுத்தவர் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சரி, இப்போது என்ன செய்வது? போட்டோக்காரரைக் கண்டுபிடித்து எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்தப் போட்டோ, ஒரே ஓவியமா, பிரின்ட் போடுவீர்களா, என்ன தொகை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிட நல்ல வழி, கன்னியாகுமரிக்குப் போய் விடியற்காலையில் நீங்களே எடுப்பது. வெயில் பட்ட தண்ணீரை மொபைல் வெறும் வெள்ளையாக்கும், பாறையின் நிழலைக் கறுப்பாக்கும். அதனால் வானத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என மொபைலில் வெளிச்ச அளவை மாற்றி எடுங்கள். நிழலில் தெரியும் நீலத்தையும் பச்சையையும் அங்கேயே ஒரு தாளில் தீட்டி வையுங்கள், போட்டோவில் அவை கிடைக்காது. மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். எப்போது எடுத்தீர்கள் என்பதற்கு அவை சாட்சி.

ஹோட்டலிடம் ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். நீங்களாக வரைந்ததை அவர்கள் வாங்கினால் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அவர்கள் ஆர்டர் கொடுத்து, காசு கொடுத்து வரைய வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 17-ஆம் பிரிவுப்படி அது அவர்களுக்குப் போய்விடும். “பதிப்புரிமை ஓவியருக்கே” என்ற ஒரு வரியை எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு தூரிகையை எடுங்கள்.