மகளைத் தூக்கவே பயமாக இருக்கிறது

கேள்வி: எனக்கு 34 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். சிங்கப்பூரில் 6 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். சின்ன வயதில் அப்பா தார்க்குச்சியால் அடிப்பார். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து கிடந்த இரவுகள் உண்டு. இப்போது எனக்கு இரண்டு வயதில் மகள். போன மாதம் அவள் ரசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். கத்திக்கொண்டே கையை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. அன்றிலிருந்து அவளைத் தூக்கவே பயம். சரியான தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. நானும் அப்பா மாதிரி ஆகிவிடுவேனா, டாக்டர்?

பதில்: ‘அடிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். ஓங்கிய கையை நிறுத்தத் தெரிந்திருக்கிறது உங்களுக்கு.

அடி வாங்கிய பிள்ளை அடிக்கிற தகப்பனாவான் என்று ஊரில் சொல்வார்கள். 1987-ல் காஃப்மன், ஜிக்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அப்படி ஆகிறவர்கள் சுமார் 30 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். குறைவான எண் இல்லைதான். ஆனால் பத்தில் ஏழு பேர் அப்படி ஆகவில்லையே!

அடியின் பாதிப்பு வேறு வழியிலும் வரும். சின்ன வயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைப் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று 1998-ல் ஃபெலிட்டி குழுவினர் கலிபோர்னியாவில் கண்டார்கள். நீங்கள் சொல்லும் தூக்கமின்மையும் பிடிப்பின்மையும் மனச்சோர்வாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். அது வந்தால் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று உள்ளே ஒரு குரல் ஓயாமல் சொல்லும். நல்ல அப்பாவா என்ற கேள்விக்கும் அதுவே பதில் சொல்லிவிடும். நம்பாதீர்கள்.

இரவில் குடிக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். தூக்கத்துக்காகத் தொடங்கி, கோபத்தில் முடிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளிடமிருந்து விலகி இருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். விலக விலகப் பயம்தான் வளரும். பழகினால்தான் பிள்ளை வளர்ப்பு கைவரும். தினமும் ஒரே ஒரு வேலையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டுவது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சோப்புக் கண்ணில் பட்டு அழுவாள். பரவாயில்லை. கோபம் ஏறினால் மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வாருங்கள். கத்திவிட்டால், ‘அப்பா கத்திட்டேன், பயந்துட்டியா’ என்று கேட்டுத் தூக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்கு அது போதும்.

‘முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்’ என்று யாராவது வந்தால், முருங்கைக்குச் சரி என்று சொல்லி அனுப்புங்கள்.

திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பேச்சு வழி சிகிச்சையே பலருக்குப் போதும். மாத்திரை தேவைப்பட்டால், மனச்சோர்வு மருந்துக்கு யாரும் அடிமையாவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும், நீங்களாக நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ தோன்றினால் அன்றைக்கே போங்கள். 14416 மனநல உதவிக்கான இலவச எண், இரவிலும் எடுப்பார்கள்.

அப்புறம், இந்தக் கடிதத்தை மனைவியிடம் காட்டுங்கள். மகளை ஏன் தூக்குவதில்லை என்று அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.