அரை மணி ஆச்சு, ஒண்ணுமே ஆகலையே!

போதை மீட்பு சிகிச்சை மருத்துவர்கள் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலைங்க. கூட இருக்கிற பையன் சனிக்கிழமை ராத்திரி ஒரு கஞ்சா சாக்லேட் கொடுத்தான். சாப்பிட்டு அரை மணி ஆச்சு, ஒண்ணுமே ஆகலையேன்னு இன்னும் இரண்டு போட்டேன். நடு ராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்து, செத்துப்போயிடுவேன்னே நினைச்சுட்டேன். மறுநாள் மதியம் வரைக்கும் தலை தெளியலை. பீடியில் போட்டு இழுத்தப்ப இப்படி ஆனதே இல்லைங்க. வேற ஏதாச்சும் கலந்திருப்பாங்களா?
– திருப்பூர் வாசகர்

பதில்: கலந்திருக்கலாம். உறையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பட்ட பாட்டுக்குக் கலப்படம் தேவையே இல்லை. அரை மணியில் இன்னும் இரண்டு போட்டீர்களே, அதுவே போதும்.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். புகையாக இழுத்தால் நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். 15 முதல் 30 நிமிடத்தில் உச்சம், 2 முதல் 4 மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். இழுத்தவருக்குப் ‘போதும்’ என்பது கையோடு தெரிந்துவிடுகிறது.

வயிற்றுக்குள் போனால் கணக்கே வேறு. குடலில் கரைந்து, முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பகுதி 11-ஹைட்ராக்சி-டிஎச்சி என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது. இதுவும் மூளைக்குள் சுலபமாக நுழையும், போதையும் அழுத்தமாக இருக்கும். ஏறத் தொடங்கவே அரை மணியிலிருந்து 2 மணி நேரம் பிடிக்கும். உச்சம் 2 முதல் 4 மணி நேரத்தில். இறங்க 6 முதல் 8 மணி நேரம், அளவு கூடினால் 12 மணி நேரத்தையும் தாண்டும். வயிறு நிறையப் பரோட்டா சாப்பிட்டிருந்தால் ஏறுவதே இன்னும் தள்ளிப்போகும். நீங்கள் 9 மணிக்கு ஒன்றும் 9.30-க்கு இரண்டும் போட்டிருந்தால், மூன்றும் சேர்ந்து உச்சிக்கு வருவது 12 மணி வாக்கில். ‘ஒண்ணுமே ஆகலை’ என்று நீங்கள் நினைத்த நேரத்தில் முதல் சாக்லேட் இன்னும் வழியில்தான் இருந்தது.

அளவையும் பாருங்கள். சட்டப்படி விற்பனை நடக்கும் கனடாவில், தின்பண்டமாக விற்கும் ஒரு பாக்கெட்டுக்கே 10 மில்லிகிராம் டிஎச்சிதான் உச்சவரம்பு. பழக்கமில்லாதவருக்கு 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். இங்கே பிடிபடும் சாக்லேட்டுகளில் நம்பக்கூடிய அளவு எதுவும் கிடையாது. கையால் கிளறி உருட்டியதில் ஒன்றில் கொஞ்சமும் அடுத்ததில் நாலு மடங்கும் இருக்கலாம். அதனால் ‘போன வாரம் ஒன்று தாங்கியது’ என்ற அனுபவத்துக்கும் மதிப்பில்லை. தொடாதீர்கள் என்பதுதான் எங்கள் பதில். தொட்டுவிட்டவருக்கு ஒரே பேச்சு: அன்றைக்கு இரண்டாவது கிடையாது, கூடவே சரக்கும் கிடையாது. மது உள்ளே இருந்தால் ரத்தத்தில் டிஎச்சி அளவு கூடும். தலைசுற்றலும் வாந்தியும் பெரும்பாலும் அந்தக் கூட்டணியில் வருவதுதான்.

மீறி ஏறிவிட்டால்? எலுமிச்சைச் சாறு, மோர், நெய் எதுவும் இறக்காது. குடித்தால் கெடுதலில்லை, அவ்வளவே. இரண்டு மணி நேரம் கழித்து விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதில் பயனில்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு அப்படிச் செய்தால் புரையேறும். தலையில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று எழுப்பி நிறுத்தவும் வேண்டாம். கஞ்சா நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். குளியலறையில் விழுந்து மண்டை உடைவது இப்படித்தான். வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, ‘இத்தனை மணிக்குள் இறங்கிவிடும்’ என்று கடிகாரத்தைக் காட்டிச் சொன்னாலே பாதி பயம் குறையும். நெஞ்சுவலி, வலிப்பு, எழுப்பியும் எழாத நிலை, மூச்சுத் தடுமாற்றம் என்றால் 108. குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது.

கேள்வி: தறி ஓட்டுகிறேன். நாலு வருடமாகத் தினமும் கஞ்சா. முன்பு ஒரு பொட்டலம் நாலு நாள் வரும், இப்போது ஒரே நாளில் தீர்கிறது. விட முடியுமா, குறைத்தாலாவது போதுமா? இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன், தூக்கமே இல்லை.
– பள்ளிபாளையம் வாசகர்

பதில்: தினமும் டிஎச்சி வந்து தட்டிக்கொண்டே இருந்தால், மூளையில் அதை வாங்கிக்கொள்ளும் சிபி1 ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. பழைய போதைக்கு அதிகம் தேவைப்படுவது அதனால்தான். நிறுத்திய இரண்டு நாளிலேயே அவை மீளத் தொடங்கி, ஏறக்குறைய 4 வாரத்தில் பழைய நிலைக்கு நெருங்குகின்றன. நீங்கள் விட்டுப் பார்த்த அந்த இரண்டு நாள்தான் ஏற்றத்தின் அடிவாரம். நிறுத்தி 24 முதல் 48 மணி நேரத்தில் எரிச்சல், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை தொடங்கும். முதல் வாரத்தில்தான் உச்சம். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். தூக்கமும், அதில் வரும் விசித்திரக் கனவுகளும்தான் கடைசியில் சரியாகும்.

ஒரேயடியாக விட முடியாவிட்டால், நாளின் முதல் இழுப்பைத் தள்ளுங்கள். காலை 7 மணிக்கு என்றால் மூன்று நாளுக்கு 8 மணி, அடுத்த மூன்று நாளுக்கு 9 மணி என்று, வேலை முடியும் நேரம் வரை கொண்டுபோங்கள். ஓடும் தறிப் பக்கம் போதையில் நிற்காமலிருக்கவும் இது உதவும். பிறகு வாரத்தில் கஞ்சா இல்லாத நாள்களைக் கூட்டுங்கள். ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் 15, 20 நிமிடம் விடுங்கள். புகையை நெஞ்சுக்குள் அடக்காதீர்கள். சில விநாடிகளிலேயே டிஎச்சி பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும், அடக்கினால் தங்குவது தார்தான். பீடித் தூளோடு கலந்து இழுப்பவருக்கு நிக்கோட்டின் பழக்கமும் சேர்ந்திருக்கும். கை தேடுவது எதை என்பதே குழம்பிப்போகும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பலர் சறுக்கும் இடம் இது: ஒரு மாதம் விட்டவர் திருவிழாவில் மறுபடி பழைய அளவையே தொடுகிறார். தாங்கும் சக்தி இறங்கியிருக்கும் உடம்புக்கு அது மிகையளவு. தூக்கம் வரவில்லை என்று சரக்குக்கோ, கடையில் கிடைக்கும் மாத்திரைக்கோ மாறுவது அதைவிடப் பெரிய வம்பு. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தூக்கத்துக்குக் குறுகிய கால மருந்து கிடைக்கும். போனில் பேச 14416, போதை மீட்புக்கென்றே 14446, இரண்டும் இலவசம்.

கேள்வி: லாரி ஓட்டுகிறவர் இழுத்துவிட்டு எத்தனை மணி நேரம் கழித்து ஸ்டியரிங் பிடிக்கலாம்?
– நாமக்கல் வாசகர்

பதில்: புகைத்த பிறகு குறைந்தது 6 முதல் 8 மணி நேரம். தின்றால் அதைவிடக் கூடுதல். அன்று வண்டியே வேண்டாம். ‘தெளிஞ்சுட்டேன்’ என்ற உணர்வு முதலில் வந்துவிடும், பிரேக் மிதிக்கும் வேகம் பின்னால்தான் வரும். சிறுநீரில் தெரிவது வேறு கணக்கு. டிஎச்சி கொழுப்பில் தங்கி மெல்லக் கசிவதால், எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்கு மூன்று நாலு நாளும், தினமும் இழுப்பவருக்கு ஒரு மாதம் வரையும் சோதனையில் தெரியலாம்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்கிறார்கள். மணிக்கணக்கில் வெந்நீரில் குளிக்கிறான், அப்போது மட்டும் நிற்கிறது. அஞ்சு வருடமாகக் கஞ்சா பழக்கம் என்று இப்போதுதான் சொன்னான். மருத்துவமனையில் சொன்னால் போலீஸ் வருமோ என்று பயமாக இருக்குங்க.
– கோபிசெட்டிபாளையம் தாய்

பதில்: அம்மா, அந்த வெந்நீர்க் குளியல்தான் பெரிய துப்பு. பல வருடம் விடாமல் கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு வரும் வாந்தி நோய் இது. 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். வழக்கமான வாந்தி மாத்திரைகள் இதற்குச் சரியாகக் கேட்காது. வாந்தியை அடக்குவது என்று பேர் வாங்கிய செடியாயிற்றே, அது எப்படி வாந்தியைத் தரும் என்று உங்கள் மகன் வாதாடலாம். பலரும் அப்படித்தான் இன்னும் கொஞ்சம் இழுத்து நோயை வளர்க்கிறார்கள். முழுதாக நிறுத்தினால்தான் தீரும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். திரும்பத் தொட்டால் திரும்ப வரும். வாந்தி நாள்களில் சிறுநீர் குறைந்தாலோ, கை கால் இழுத்துப் பிடித்தாலோ உடனே சலைன் ஏற்ற வேண்டும். உப்புச்சத்து இறங்கினால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கும்.

சிகிச்சை கேட்பது குற்றமில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவரே, போதைக்கு அடிமையானவராக இருந்து, அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடலாம். அடுத்த முறை அழைத்துப் போகும்போது, கஞ்சா, வெந்நீர் இரண்டையும் முதல் பேச்சிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு எண்டோஸ்கோப்பிச் செலவு மிச்சமாகும்.