ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையும் பாருங்கள்: மெக்கானிக்கிடம் கேளுங்கள்

மதுரையில் முப்பது வருடங்களுக்கு மேல் ஃபிரிட்ஜ் வேலை பார்த்து வருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி 'கூலிங் குறைவு', 'கரன்ட் பில் கூடுகிறது' என்பவைதான். அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து உள்ள கடிதங்கள் சில இருந்தன. அவை காத்திருக்க முடியாது என்பதால் முதலில் எடுத்துக்கொண்டேன்.

தரை துடைத்துவிட்டு ஈரக்காலோடு ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. செருப்புப் போட்டிருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. 'பழைய ஃபிரிட்ஜில் இது சகஜம்' என்கிறார் என் கணவர். செருப்புப் போட்டுக்கொண்டே பயன்படுத்தலாமா?
*– வாசகி, தூத்துக்குடி*

கூடாது அம்மா. காய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்துவிடுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

ஃபிரிட்ஜின் உடம்பு தகரம். உள்ளே எங்கோ ஒரு ஒயரின் தோல் உரிந்திருக்கலாம், அல்லது கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச்சுற்றில் கரன்ட் கசிவு இருக்கலாம். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குப் பின்பக்க இணைப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். எப்படியோ கரன்ட் தகரத்துக்கு வருகிறது. அதைப் பூமிக்கு அனுப்பத்தான் பிளக்கில் அந்த மூன்றாவது பெரிய முள் இருக்கிறது. உங்களுக்கு ஷாக் தெரிகிறது என்றால் அந்த வழி எங்கோ அறுந்திருக்கிறது. இப்போது பூமிக்குப் போகிற வழி நீங்கள்தான். இன்று சுருக்கென்று இருப்பது, கசிவு கூடும் நாளில் ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

சுவரில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பழைய வீடுகளில் அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இன்னும் மோசமான ஒரு வேலை உண்டு. எர்த் ஒயர் இல்லாத இடத்தில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (கரன்ட் திரும்பிப் போகிற ஒயர்) எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். சோதித்தால் பல்பு எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட்டும் அப்படியே ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டைக் கழற்றி, இப்படி ஒரு துண்டு இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழியையும் கேளுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் காய்ந்துபோகும், அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பல வீடுகளில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். கரன்ட் வேறு வழியில் கசிந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். ஆனால், எர்த்துக்குப் பதிலாக அது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேண்டும்.

இதில் நான் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் செல்லூரில் ஒரு லைன் வீட்டுக்குக் கூலிங் இல்லை என்று போனேன். கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே போயிருந்தது. மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிளக்கை நான் பார்க்கவில்லை. அதில் எர்த் ஒயரை யாரோ முன்பே வெட்டிவிட்டு, இரண்டு முள் பிளக் மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து, குளித்துவிட்டு வந்த நாலு வயதுப் பிள்ளை கைப்பிடியைப் பிடித்திருக்கிறது. பாட்டி பக்கத்திலேயே இருந்து சுவிட்சை அணைத்ததால் பிழைத்தது. அதன் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கோளாறு என்றாலும், முதலில் பிளக்கைத்தான் கழற்றிப் பார்க்கிறேன்.

புது ஃபிரிட்ஜை லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு நேரம் கழித்து ஆன் செய்யலாம்? சமையலறையில் அடுப்புத் திண்டுக்கு அருகில்தான் இடம் இருக்கிறது.
*– வாசகர், திண்டுக்கல்*

நின்ற நிலையில் கொண்டுவருவதுதான் முறை. படுக்கவைத்தால் கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். நிமிர்த்தி வைத்ததும் அது மெல்லத் திரும்பி இறங்க வேண்டும். அதற்குள் ஆன் செய்தால் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரசர் ஓடும். எவ்வளவு நேரம் படுத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். ஒரு நாள் பால் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டில் வைத்தால் போகிறது.

அடுப்பை ஒட்டி வேண்டாம். உள்ளே இருக்கும் சூட்டைக் கொண்டுவந்து வெளியே தள்ளுவதுதான் ஃபிரிட்ஜின் வேலை. தள்ளுகிற இடமே சூடாக இருந்தால் கம்ப்ரசருக்கு ஓய்வே கிடைக்காது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் நாலு விரல்கடை இடம் விடுங்கள். பக்கத் தகரம் சுடுகிறது என்று பல பேர் பயந்து போன் செய்கிறார்கள். இப்போதைய மாடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் அந்தத் தகரத்துக்குப் பின்னால்தான் ஓடுகிறது, பயப்பட வேண்டாம். தலையில் துணி விரித்து, பொம்மை, மருந்து டப்பா என்று அடுக்காதீர்கள்.

மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது தீயை வரவழைக்கிற வேலை. ஃபிரிட்ஜுக்கென்று தனியாக ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும், அதுவும் சுவரிலேயே. கரன்ட் போய் உடனே வந்தால் மூன்று நான்கு நிமிடம் கழித்து ஆன் செய்வது நல்லது. குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் சமமாவதற்குள் கம்ப்ரசர் கிளம்ப முயன்றால் முடியாமல் 'டிக்' என்று நின்றுவிடும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் இருந்தால் அதுவே இதைப் பார்த்துக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட் 5-ல் இருக்கிறது. வெயில் காலம் என்பதால் இன்னும் குளிரட்டும் என்று 2-க்கு மாற்றினேன். பால் திரிந்துவிட்டது.
*– வாசகி, விருதுநகர்*

அந்த எண் டிகிரி அல்ல, அம்மா. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடக் கூடத்தான் குளிர் கூடும். ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்து மறுநாள் காலையில் பாருங்கள். 4 டிகிரியோ அதற்குக் கீழேயோ காட்ட வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி ஃப்ரீசரில் வைத்தால் ஐஸோடு ஒட்டிக்கொள்கிறது. கத்தியால் நெம்பி எடுத்தபோது 'புஸ்' என்று சத்தம் வந்தது. அதற்குப் பிறகு கூலிங் இல்லை.
*– வாசகர், நாகர்கோவில்*

ஓட்டை போட்டுவிட்டீர்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியே மெல்லிய அலுமினியத் தகடுதான், அந்தத் தகட்டுக்குள்தான் குளிரூட்டும் கேஸ் ஓடுகிறது. அந்தச் சத்தம் கேஸ் வெளியேறிய சத்தம். இனி யாருக்காவது இப்படி நடந்தால் முதலில் அடுப்பை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அப்போது எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஐஸ் கால் அங்குலம் சேர்ந்ததுமே டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அவசரம் என்றால் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். அரை மணி நேரத்தில் பாளம் பாளமாகத் தானே விழும். மீனைக் கழுவித் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்தால் ஒட்டவே ஒட்டாது.

2022 நவம்பரில் ஊரப்பாக்கத்தில், நெடுநாள் பூட்டியிருந்த வீட்டில் ஃபிரிட்ஜ் வெடித்து மூன்று பேர் இறந்ததாகப் படித்தேன். நாங்கள் ஆறு மாதம் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் போவதா, அணைத்துவிட்டா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி*

அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கும் தூக்கம் இல்லை ஐயா. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல நான் ஆள் இல்லை. பொதுவாக எது ஆபத்து என்பதைச் சொல்கிறேன்.

நான் தொழில் கற்றபோது இருந்த ஆர்-12 கேஸ் தீப்பிடிக்காது. ஆனால், ஓசோன் படலத்தை அரித்தது. 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக ஒழிந்தது. அடுத்து வந்த ஆர்-134ஏ புவியைச் சூடாக்குகிறது. இப்போது வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். பூமிக்கு நல்லது, கரன்டும் மிச்சம். ஆனால், சமையல் கேஸின் சொந்தக்காரன். தீப்பிடிக்கும்.

ஒரு ஃபிரிட்ஜில் இருப்பது சுமார் 50 கிராம்தான். சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ இருப்பதை நினைத்தால் இது ஒன்றுமில்லை. ஆனால், அந்த 50 கிராமும் ஆவியானால் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன் நிறையும். காற்றைவிட இரண்டு மடங்கு கனம், அதனால் தரையோடு தரையாகத் தேங்கும். சமையல் கேஸில் சேர்ப்பது போல இதில் வாடை சேர்ப்பதில்லை, மூக்கை நம்ப முடியாது. பூட்டிய சிறிய அறையில் அது கசிந்து நிற்கும்போது ஒரு பொறி போதும்.

எனவே கிளம்பும் முன் எல்லாவற்றையும் காலி செய்து, அணைத்து, பிளக்கை எடுத்துவிடுங்கள். உள்ளே சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் துடைத்து, ஈரம் போக உலரவிட்டு, கதவு முழுதும் மூடாதபடி ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். திரும்பி வந்ததும் லைட் போடுவதற்கு முன்னால் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கால் மணி நேரம் காற்று வரட்டும். பிறகு ஃபிரிட்ஜை முன்னால் இழுத்து, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய வீட்டில் எலிக்குப் பிடித்த இடம் கம்ப்ரசர் பக்கம்தான். அப்புறம்தான் பிளக்.

கேஸ் நிரப்ப ஆள் வந்தால் கம்ப்ரசர் மேல் உள்ள ஸ்டிக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் இருந்தால், கேஸ் உள்ளே இருக்கும்போது கேஸ் டார்ச் நெருப்பை வைத்துக் குழாயை ஒட்டக் கூடாது. மெக்கானிக் நண்பர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: முதலில் வெட்டவெளிக்குக் கொண்டு போங்கள், கேஸை வெளியேற்றுங்கள், பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

காய்கறி டிரேவுக்கு அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. சுகாதார ஊழியர் வந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கொசுப்புழு இருக்கிறது என்றார். நம்பவே முடியவில்லை.
*– வாசகி, கும்பகோணம்*

அவர் சொன்னது உண்மை. உள்ளே உருகும் ஐஸ் தண்ணீர் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பின்னால் இறங்கி, கம்ப்ரசருக்கு மேல் உள்ள தட்டில் விழும். கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாக வேண்டும். மழைக்காலத்தில் சரியாக ஆவியாகாது. நிழலில் நிற்கும் நல்ல தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேறு எங்கே கிடைக்கும்? முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு முறை பிளக்கை எடுத்துவிட்டு அந்தத் தட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போகாது.

உள்ளே தண்ணீர் நிற்பதற்குக் காரணம் அந்த ஓட்டை அடைத்திருப்பது. பெரும்பாலும் கறிவேப்பிலை, கொத்தமல்லித் துணுக்குதான். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெல்ல அடியுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஃபிரிட்ஜ் மிதந்தது. அப்போது பயந்து கடைக்குப் போட்டுவிட்டோம். இன்னொரு முறை வந்தால் என்ன செய்வது?
*– வாசகர், முடிச்சூர்*

தண்ணீர் வாசலுக்கு வரும்போதே மெயினை அணையுங்கள். வடிந்த பிறகு 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று யாரையும் போட விடாதீர்கள். கம்ப்ரசர் வெல்டிங் செய்து மூடிய உருண்டை, அதற்குள் தண்ணீர் போகாது. கெடுவது அதன் பக்கத்தில் உள்ள ரிலே, ஒயர் இணைப்பு, எலக்ட்ரானிக் போர்டு ஆகியவைதான். அவற்றை மாற்றிப் பல ஃபிரிட்ஜ்கள் பிழைத்திருக்கின்றன. ஃபிரிட்ஜ் சுவருக்குள் உள்ள பஃப் (குளிரை உள்ளேயே நிறுத்தும் நுரை) நனைந்து நாற்றம் எடுத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வெள்ளம் இல்லாமல் கரன்ட் மட்டும் போனால், கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. புயல் எச்சரிக்கை வந்ததுமே ஒரு கப் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். பிறகு பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் உள்ளே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனையும் கறியையும் தூக்கிப் போடுங்கள்.

அப்பா காலத்து ஃபிரிட்ஜ் மொட்டை மாடியில் சும்மா கிடக்கிறது. கொக்கி போட்ட கனமான கதவு. பழைய பேப்பர் போட்டு வைக்கலாம் என்று இருக்கிறோம். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள்.
*– வாசகி, காரைக்குடி*

இப்போதைய கதவு காந்த ரப்பரால் ஒட்டுவது, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். அந்தக் காலத்துக் கொக்கிக் கதவு உள்ளிருந்து திறக்கவே திறக்காது. ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால், அது கத்துவதும் வெளியே கேட்காது. பேப்பர் வைக்கக் கதவு தேவையில்லை. கீலில் உள்ள திருகுகளைக் கழற்றினால் கதவு கையோடு வந்துவிடும், கனமாக இருக்கும் என்பதால் இரண்டு பேர் பிடியுங்கள். பிள்ளைகள் வரும் முன்பே கழற்றி, தனியாக இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள்.